விலையில்லா மீட்பின் விலை

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் 'மீட்பு' என்னும் சொல்லுக்கு ஐயத்துக்கிடமற்ற ஒரு பொருள் உண்டு. நடவுக்கு முன் அடகுக்குப் போன தோடும் மூக்குத்தியும் அறுவடைக்குப் பின் வீடு திரும்புவதே மீட்பு. அசலும் வட்டியும் எண்ணி வைக்கப்பட்டால்தான் பொருள் கைக்கு வரும். யாரேனும் ஒருவர் பணம் கட்டியாக வேண்டும். கிறித்தவ சமயம் தன் மையக் கோட்பாட்டுக்குத் தமிழில் தேர்ந்துகொண்ட சொற்களுள் இதுவும் ஒன்று என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகங்களில் ஒரு சிறு வியப்பைக் கண்டிருக்கிறோம். சீர்திருத்தத் திருச்சபையினர் பெரிதும் 'இரட்சிப்பு' என்பர். கத்தோலிக்கர் இன்று 'மீட்பு' என்பர். முன்னது காப்பாற்றப்பட்டதைச் சொல்கிறது. பின்னது, காப்பாற்றுவதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறது.

அந்த விலையைக் கொடுத்தவர் யார்? இறையியலில் இதற்குத் தெளிவான விடை உண்டு. அவ்விடை மட்டும் போதாது என்று நமக்குத் தோன்றியது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில்.

நம்மிடம் இளங்கலை பயின்று சென்ற மாணவி ஒருத்தி, அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வந்திருந்தாள். சான்றிதழில் அவளுக்கு ஒரு பூவின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எஸ்தர். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, "ஐயா, சமயம்னு கேக்குது. என்ன போடறது?" என்றாள். "சான்றிதழ்ல இருக்கறதையே போடும்மா" என்றோம். அவள் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டிக்குத் தெரிஞ்சா, ஆண்டவரை மறுதலிச்சிட்டியான்னு அழும் ஐயா" என்றாள். பிறகு 'இந்து' என்று பதிந்தாள்.

விவிலியத்தின் எஸ்தரும் அரண்மனையில் தன் குலத்தை மறைத்து வாழ்ந்தவள்தான் என்பது அவள் போன பிறகே நமக்கு நினைவுக்கு வந்தது. அந்த அரசி மறைத்தது உயிருக்கு அஞ்சி. நம் மாணவி மறைத்தது எதற்கு அஞ்சி என்பதை விளக்கவே இக்கட்டுரை.

கோட்பாடு எளிதில் சொல்லக்கூடியதே. மனிதன் தன் முயற்சியால் தீர்க்க முடியாத கடனில் இருக்கிறான். அதனைச் சிலுவையில் மற்றொருவர் தீர்த்தார். பெறுகிறவன் நம்பிக்கையோடு ஏற்றுக்கொண்டால் போதும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு ஆளப்படும் 'லூட்ரோன்' என்னும் சொல், அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கச் செலுத்தும் பணத்தைக் குறிப்பது. ஆகவே கிறித்தவத்தில் மீட்பு இலவசம் என்றால் எவருமே விலை கொடுக்கவில்லை என்று பொருளன்று. பெறுகிறவர் கொடுக்க வேண்டியதில்லை என்பதே பொருள்.

எனினும், பெற்றபின் ஒருவன் தன்னையே கொடுக்க நேரலாம் என்பதைத் திருச்சபை மறந்ததில்லை. செருமானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் மலிவான அருள், விலைமிகு அருள் என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். மனமாற்றமோ பின்பற்றுதலோ இன்றி வாரி வழங்கப்படும் மன்னிப்பு மலிவானது. ஒருவனுடைய வாழ்வையே கேட்பது விலைமிக்கது. இட்லரின் ஆட்சியை எதிர்த்த அவர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். தென் கோடியில், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரி அவரைப் புனிதர் என அறிவித்தது.

இவர்கள் கொடுத்ததை விலையென்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அதற்கு நாளும் இடமும் உண்டு, நினைவுச்சின்னம் உண்டு. நம் ஊர்ப்புறச் சேரிகளில் கொடுக்கப்படும் விலை வேறு வகையானது. அது ஒரே நாளில் முடிவதில்லை. தவணைகளாக, தலைமுறைதோறும் கட்டப்படுகிறது. கட்டியவருக்குச் சீட்டு ஏதும் கொடுக்கப்படுவதும் இல்லை.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூரும் அப்பெரிய மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1891இல் அதன் ஆட்சியராயிருந்த டிரெமென்கீர், இங்குள்ள பறையர் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரிடம் பட்ட கடனுக்காக உழைப்பை அடகு வைத்த படியாள்கள், குடியிருக்கும் மனைமீதுகூட உரிமையற்ற குடும்பங்கள், தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசு உரிமையின் பெயரால் தட்டிவிடப்பட்ட மனுக்கள் என்று அவ்வறிக்கை நீள்கிறது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் இதே குறைகளை அரசிடம் விடாது எடுத்துச் சென்றனர். இதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணைகளின் வழி வந்ததே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்குவது.

அந்தப் படியாளின் காதில் சுவிசேஷம் எப்படி விழுந்திருக்கும்? உன் கடனை வேறொருவர் தீர்த்துவிட்டார், நீ இனி அடிமையில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், படித்த இறையியலாளருக்கு அது உருவகம். தலைமுறைக் கடனில் பிறந்தவனுக்கு அது உருவகமன்று. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்று இவர்களை இகழ்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். செங்கல் அறுக்கும் அடிமைகளை எகிப்திலிருந்து வெளியே நடத்தி வந்த கதையை மறைநூலின் தொடக்கத்திலேயே வைத்திருக்கும் ஒரு சமயத்தில், ஆன்மாவை ஒரு பக்கமும் வயிற்றை ஒரு பக்கமும் பிரித்து வைப்பது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை. மீட்பில் மானமும் நிலமும் எழுத்தும் அடக்கம் என்று அவர்கள் புரிந்துகொண்டதில் பிழை ஏதும் இல்லை.

இதனோடு இன்னொரு மதமாற்றத்தை ஒப்பு நோக்குவது நலம். திருநெல்வேலிப் பகுதியின் வைணவ வேளாளக் குடியில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. அவர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுகிறார். மீட்பை ஒரு நெடும் பயணமாகவும், சுமையை இறக்கி வைத்தலாகவும் தமிழ்க் காப்பிய மரபில் அவர் அமைத்துக் காட்டியது பெருஞ்செயல். உற்றாரின் மனக்கசப்பைத் தாங்கி அவர் பெற்ற மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். திருச்சபையின் வாயிலில் வேளாளர் தம் சாதியைக் கழற்றி வைக்க வேண்டிய கட்டாயம் நெடுங்காலம் இருந்ததில்லை. 1820களில் புதிய மிஷனரிகள் சாதி வேற்றுமையைக் கைவிட வற்புறுத்தியபோது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, பலர் சாதியை விடாமல் சபையை விட்டு நீங்கினர். மேல்சாதியார் மீட்பையும் பெற்றுச் சாதியையும் காத்துக்கொள்ள முடிந்தது. சேரியில் பிறந்தவர் சாதியை விட்டுவிட விரும்பினார். சாதி அவரை விடவில்லை.

இந்நிலையில் இந்தியக் குடியரசு பிறந்தது. 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கப்படவில்லை. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடக் கிறித்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்து, கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றைத் தன் பொறுப்பில் தருகிறது. ஆனால் பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டு இடஒதுக்கீடு அவர்களுக்கு இல்லை. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையும் இல்லை.

இந்த விலை எவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்டது என்பதற்கு ஒரு வழக்குப் போதும். சூசை என்பவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளருக்கு இலவசமாகச் சிறு பெட்டிக்கடை அமைத்துத் தரும் திட்டம் வந்தது. அது பட்டியல் சாதியினருக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. சூசை ஆதிதிராவிடர், ஆனால் கிறித்தவர். அதனால் கடை கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னும் சாதி தொடரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளியது. அதே சாலையோரம், அதே தோல், அதே ஊசி. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே போகிறார் என்பது மட்டுமே.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதன்று. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வெளிவந்தபோது, அதன் எள்ளலைப் பாராட்டிப் பேசியவர் பலர். தலித் கிறித்தவனான படித்த இளைஞன், வேலைக்காக இந்துவாக மாறுவதில் சென்று முடிகிறது அக்கதை. முன்னோர் மீட்புக்காக ஒரு சமயத்துக்குள் நுழைந்தார்கள். பேரன் பிழைப்புக்காக அதிலிருந்து வெளியே வந்தான். அந்நாவலில் நாம் சிரித்த இடங்களையெல்லாம் அந்தப் பிற்பகலுக்குப் பிறகு மறுபடி படித்தோம். முன்போல் சிரிக்க இயலவில்லை.

இங்கே எழும் மறுப்புகள் இரண்டு. இரண்டையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

கிறித்தவத்தில் சாதியில்லை என்று சொல்லித்தானே அழைத்தீர்கள், பின் சாதியின் பெயரால் சலுகை கேட்பதேன் என்பது முதலாவது. இக்கேள்வியைத் திருச்சபையின் தலைமையிடம் கேட்பது நியாயம். சேரிக் கிறித்தவரிடம் கேட்பது நியாயமன்று. சாதியில்லை என்று வாக்களித்தவர் அவர் அல்லர். அவ்வாக்கு நிறைவேறாமற் போனதைத் தம் உடம்பால் அறிந்தவர் அவர். பாமாவின் 'கருக்கு' 1992இலேயே அதைப் பதிவு செய்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தமக்கெனத் தனிப் பங்கு வேண்டுமென்று தலித் கத்தோலிக்கர் கேட்டதையொட்டி எழுந்த கலவரம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இருவர் இறந்தனர். மோதிக்கொண்ட இரு தரப்பாரும் ஒரே பலிபீடத்தில் அப்பம் பெறுகிறவர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. சான்று போதவில்லை என்று 1985இல் சொல்லப்பட்டது. சான்றை வைத்திருந்தவர்களே அதை முழுதாக எடுத்து வைக்கத் தயங்கினர் என்பதே நம் குற்றச்சாட்டு.

மற்றொரு மறுப்பு, பட்டியல் சாதி இந்துக்களிடமிருந்து வருவது. இருக்கும் பங்கே போதாதபோது அதில் மேலும் பலர் கை வைத்தால் நாங்கள் என்ன செய்வோம் என்கிறார்கள். இது வெறுப்பிலிருந்து எழும் குரல் அன்று, பசியிலிருந்து எழுவது. இதை மதித்தே விடை காண வேண்டும். தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது போல, பங்கைக் கணக்கிட்டுப் பிரிக்கவும் கூட்டவும் வழிகள் உண்டு. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து விடுவிக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றியது. ஆணையங்களுக்குக் குறைவில்லை.

இதற்கிடையே 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தாம் இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் திருமுழுக்குப் பெற்றவர், தேவாலயத்துக்குச் செல்பவர் என்று கண்ட நீதிமன்றம், உண்மையான நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அத்தீர்ப்பைப் படித்தபோது நம் கண்முன் நின்றது, திரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாயிருந்த ஒரு பெண்ணின் முகம். 'சான்றிதழில் இருப்பதையே போடு' என்று சொன்னவர் நாம். மோசடி என்றால் அதில் நமக்கும் பங்குண்டு. உண்மையைச் சொன்னால் உரிமையை இழப்பாள், உரிமையைக் கேட்டால் உண்மையை இழப்பாள் என்னும் நிலையில் ஒருத்தியை நிறுத்தி வைத்துவிட்டு, அவளுடைய நேர்மையை மட்டும் அளக்கப் புறப்படுவது எவ்வகை அறம்?

நம் ஊர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்கிறோம். வைகுண்டப் பெருமாள் கோயிலின் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. ஊருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைப் பெருமையோடு காட்டுகிறோம். அவை ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபைக்குரிய விதிகள். இறை செலுத்தும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, மறைக் கல்வி ஆகியன தகுதிகள். தகுதியின்மைகளின் பட்டியலும் உண்டு. அதில் நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி இருக்கிறது. உண்ணத்தகாததை உண்டவர், சேரத்தகாதாருடன் சேர்ந்தவர் முதலியோர் பிராயச்சித்தம் செய்து தூய்மை அடைந்துவிட்டாலும், அவர்கள் பெயரை உயிருள்ளளவும் குடவோலைக்கு எழுதக் கூடாது. கழுவாய் உண்டு, ஆனால் குடத்துக்குள் இடம் இல்லை.

கிறித்தவத்தின் மீட்புக் கோட்பாடு தன் உயர்ந்த வடிவில் மறுப்பது இதைத்தான். மன்னிக்கப்பட்டவன் வாசலில் நிறுத்தப்பட மாட்டான்; பந்தியில் உட்கார வைக்கப்படுவான் என்பதே அதன் வாக்கு. ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, அதே உத்திரமேரூர் வட்டத்தில், நம் மாணவி தன் நம்பிக்கையைத் தாளில் எழுதினால் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி வார்டில் அவள் பெயர் வாக்குச்சீட்டில் ஏறாது. குடம் மாறியிருக்கிறது, விதியும் மாறியிருக்கிறது. சேரியிலிருந்து வந்த ஒருத்தியின் ஓலை வெளியே நிற்பது மட்டும் மாறவில்லை. இதில் ஒரு முரண் வேறு. தாய்மதம் திரும்புகிறவர் தம் சமூகத்தாரால் ஏற்கப்பட்டால் பழைய சாதித் தகுதியைப் பெறலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சாதி எங்கும் போய்விடவில்லை, அவருக்காகக் காத்திருக்கிறது என்பதைச் சட்டமே இங்கு ஒப்புக்கொள்கிறது அல்லவா?

1994 அக்டோபரில் செங்கற்பட்டில், காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. ஒன்று விவிலியப் பெயர், மற்றொன்று திருப்பதி மலைப் பெயர். நிலத்தை மீட்கப் போனபோது குண்டு எவர் சமயத்தையும் கேட்கவில்லை. சமயத்தைக் கேட்பது விண்ணப்பப் படிவம் மட்டுமே.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். மீட்புக்கான விலை செலுத்தப்பட்டுவிட்டது என்று போதிக்கும் திருச்சபை, அதே விலையைத் தன் மக்களுள் மிக எளியவரிடமிருந்து இரண்டாம் முறை வாங்க அனுமதித்திருக்கிறது. அரசு ஒரு பங்கை வாங்கியது. ஊர் ஒரு பங்கை வாங்கியது. தனிக் கல்லறை, தனிப் பங்கு, தனித் தெரு என்று சபையும் ஒரு பங்கை வாங்கியது. 1950ஆம் ஆண்டு ஆணையை மாற்றச் சொல்லி ஊர்வலம் போவது தேவையே. அதற்கு முன், கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சுவர்களை இடிக்க எந்த ஆணையமும் அறிக்கை தர வேண்டியதில்லை, எந்த நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டியதில்லை. போன்ஹோஃபர் சொன்ன விலைமிகு அருளை நம் மண்ணில் தேட விரும்பும் மேல்சாதிக் கிறித்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இதுவரை அவர்கள் பெற்றது மலிவாகக் கிடைத்தது.

அந்த மாணவி இன்னும் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்துமசுக்குக் கேக்கு கொண்டு வந்து தருவாள். பாட்டி கொடுத்தனுப்பியதாகச் சொல்வாள். படிவத்தில் என்ன எழுதினாள் என்பதைப் பாட்டியிடம் சொன்னாளா என்று நாம் கேட்டதில்லை. மறுபடி ஒருநாள் வேறொரு மாணவியோ மாணவனோ வந்து, "ஐயா, சமயம்னு கேக்குது" என்று நிற்கக்கூடும். அன்று நாம் என்ன சொல்வோம் என்பது இதை எழுதி முடிக்கும் இந்நேரத்திலும் நமக்குத் தெளிவாகவில்லை. அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகியிருக்கிறது.